கைதானதும் உடல் சோதனை: சட்டைப்பை முதல் ரசீது வரை

ஒருவரைக் கைது செய்ததும் போலீஸ்காரரின் கை முதலில் போவது சட்டைப்பைக்குத்தான். போன், பர்ஸ், வண்டிச் சாவி, மோதிரம் எல்லாம் ஐந்தே நிமிடத்தில் ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) மேசைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் ரசீது கேட்க யாருக்கும் தோன்றாது. இரண்டு மாதம் கழித்து ஜாமீனில் வந்து "என் செயின் எங்கே சார்" என்று கேட்கும்போது, "எந்தச் செயின்?" என்று பதில் வரும். அப்போதுதான் அந்தத் துண்டுக் காகிதத்தின் அருமை தெரியும்.

இந்த வழிகாட்டி கைதாகிறவருக்கும், ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அவர் குடும்பத்துக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ். படி எழுதியிருக்கிறோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 51 ஆக இருந்த உடல் சோதனைப் பிரிவு இப்போது 49. வக்கீல்கள் வாயிலும் ஏட்டய்யாக்கள் வாயிலும் இன்னும் பழைய எண்தான் வருகிறது. இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

1. முதல் கேள்வி: இது கைதா, இல்லையா?

49-ஆவது பிரிவைச் சொல்லி உங்கள் பையைத் துழாவ வேண்டுமென்றால் அதற்கு முன் கைது நடந்திருக்க வேண்டும். "சும்மா விசாரணைக்கு வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவது கைது ஆகாது. 35(3)-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்வதும் கைது ஆகாது. அதனால் குரலை உயர்த்தாமல் ஒன்றைக் கேளுங்கள்: "சார், என்னைக் கைது பண்றீங்களா? எந்தப் பிரிவுல?" பதில் என்னவாக இருந்தாலும் அது சொல்லப்பட்ட நேரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்குக்கு அது பின்னால் உதவும்.

பலர் கவனிக்காத இன்னொரு நிபந்தனையும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஜாமீனில் விட முடியாத நிலையில் இருப்பவரை, அல்லது ஜாமீன் கொடுக்க இயலாதவரைத்தான் 49-இன் கீழ் சோதித்துப் பொருள்களை எடுத்து வைக்கலாம். சாதாரண அடிதடி, வாய்த்தகராறு போல ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, ஜாமீன்தாரரும் கையில் காகிதத்தோடு நின்றால், ஸ்டேஷன் ஜாமீனில் விட்டாக வேண்டும். உங்கள் பர்ஸை வாங்கி வைக்க அங்கே வேலையே இல்லை. ஆகவே குடும்பத்தார் முதலில் ஓட வேண்டியது ஜாமீன்தாரரைத் தேடி. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது அல்லது வண்டி ஆர்.சி. இவற்றில் அசலும் இரண்டு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேட்பது மாறும், ஆனால் இவற்றைத் தாண்டி அதிகம் கேட்க மாட்டார்கள்.

ஆயுதம் மட்டும் விதிவிலக்கு. கத்தி, அரிவாள் போன்றவை கைதானவரிடம் இருந்தால் 50-ஆவது பிரிவின்படி உடனே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஜாமீன் நிபந்தனை கிடையாது.

சாலையில் வண்டிச் சோதனையின்போது பையில் கை விடுவது வேறு விஷயம். போதைப்பொருள், மதுவிலக்கு போன்ற தனிச் சட்டங்களில் அதற்குத் தனி அதிகாரம் உண்டு. எந்தச் சந்தேகமும் இல்லாமல் போகிற வருகிறவரையெல்லாம் தடவிப் பார்க்கும் பொது அதிகாரம் 49-இல் இல்லை.

எச்சரிக்கை: சோதனை சட்டப்படி இல்லை என்று நூறு சதவீதம் தெரிந்தாலும் கையைத் தட்டிவிடாதீர்கள், ஓடாதீர்கள். அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 221, தாக்கியதாக 132 என்று இரண்டு பிரிவு கூடுதலாகச் சேர்ந்துவிடும். வாயால் மறுப்புச் சொல்லுங்கள், உடலால் ஒத்துழையுங்கள். சண்டை போட வேண்டிய இடம் நீதிமன்றம்.

2. பைக்குள் கை போவதற்கு முன்

இந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியவை:

யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பெயரும் நம்பரும் சொல்லுங்கள். 48-ஆவது பிரிவின்படி உறவினருக்கோ நண்பருக்கோ நீங்கள் சொல்லும் ஆளுக்கோ கைதுத் தகவலும் வைத்திருக்கும் இடமும் உடனே தெரிவிக்கப்பட வேண்டும். நடைமுறையில் சிக்குவது எங்கே தெரியுமா? போன் கையை விட்டுப் போனதும் மனைவி நம்பர்கூட நினைவுக்கு வராது. இரண்டு நம்பராவது மனப்பாடமாக இருக்கட்டும்.

கைது செய்கிறவரின் பெயர்ப் பட்டை தெரிய வேண்டும் என்பது 36-ஆவது பிரிவு. பெயரைப் படித்து மனதில் வையுங்கள். அதே பிரிவின்படி கைதுக் குறிப்பாணை ஒன்று அங்கேயே எழுதப்பட வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களும் கையெழுத்திட வேண்டும். அதில் இருக்கும் தேதியும் நேரமும் உண்மையானவையா என்று பாருங்கள். இரவு 9 மணிக்குப் பிடித்துவிட்டு மறுநாள் காலை 6 மணி என்று எழுதியிருந்தால், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "பிடித்தது முந்தைய நாள் இரவு 9 மணி" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கைதுக்கான காரணத்தை 47-ஆவது பிரிவின்படி சொல்ல வேண்டும். எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லியிருக்கிறது. உடனே தர முடியாவிட்டால், ரிமாண்டுக்காக நீதிபதி முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தர வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் ஆங்கிலக் காகிதத்தை நீட்டினால் தமிழில் கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முன்னாலேயே சொல்லுங்கள். சர்க்கரை, வலிப்பு, இதய நோய் மாத்திரைகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டால் இரவு அவை கிடைக்காமல் போகலாம். "இது மருத்துவர் சீட்டோடு இருக்கு, வேளைக்குக் கொடுக்கணும்" என்று சொல்லிப் பட்டியலிலும் எழுதச் சொல்லுங்கள்.

3. எதுவரை சோதிக்கலாம்?

உடுத்தியிருக்கும் தேவையான உடையைத் தவிர உடலில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரமாக வைக்கலாம் என்கிறது சட்டம். பர்ஸ், போன், நகை, வாட்ச், சாவி, பெல்ட், ஷூ கயிறு, சில இடங்களில் அரைஞாண் கயிறு வரை போகும். லாக்கப்பில் தூக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் காரணம், அதில் வாதாட ஒன்றுமில்லை. கண்ணாடி, காதுக் கருவி, ஊன்றுகோல் போன்றவை உடை அல்ல என்பதால் எடுக்க முயல்வார்கள். இவை இல்லாமல் காகிதத்தைப் படிக்கவோ சொல்வதைக் கேட்கவோ முடியாது என்று சொல்லி வைத்துக்கொள்ளக் கேளுங்கள். படிக்க முடியாதவரிடம் வாங்கிய கையெழுத்து நாளை அவர்களுக்கே தலைவலி என்பது ரைட்டருக்குத் தெரியும்.

பெண்ணை இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியம் கெடாமல். 49(2) இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. பெண் காவலர் வரும்வரை காத்திருக்கக் கேட்பது உங்கள் உரிமை. 'ஹேண்ட்பேக்கை மட்டும் பார்க்கிறோம்' என்று ஆண் காவலர் கேட்டால், உடலைத் தொடும் சோதனை பெண் காவலர் வந்த பிறகுதான் என்பதைச் சொல்லிவிட்டு, பையைத் திறப்பதை நீங்கள் பார்க்கும்படி மேசை மேல் வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

உடலுக்குள் ஒளித்திருப்பதாகச் சந்தேகம் என்றால் அது 49-ஆவது பிரிவின் வேலை கிடையாது. 51-ஆவது பிரிவின் கீழ் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவர், அல்லது அவர் மேற்பார்வையில். ஸ்டேஷன் பின்னறையில் காவலரே இதைச் செய்ய முயன்றால், "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்பது ஒன்றே உங்கள் பதிலாக இருக்கட்டும். அதை நீதிபதியிடமும் சொல்லுங்கள்.

4. பட்டியல்: இங்கே அவசரப்படாதீர்கள்

மொத்த வழிகாட்டியிலும் அதிகம் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பொருள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைக்கும்போது நீங்களே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாருங்கள். ஸ்டேஷனில் கேமரா இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்கும். சொன்னது யார் காதிலாவது விழட்டும்.

பணம்: "ரொக்கம்" என்று மட்டும் எழுதினால் போதாது. 500 ரூபாய் 7, 100 ரூபாய் 4, 20 ரூபாய் 2, ஆக 3,940 என்று நோட்டுவாரியாக இருக்க வேண்டும். நீங்கள் எண்ணுங்கள், அவர்களும் எண்ணட்டும்.

நகை: போலீஸ் பட்டியலில் தங்கச் செயின் என்று வராது, "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி" என்றுதான் வரும். இதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். தங்கமா என்று மதிப்பிட அவர்கள் ஆசாரி இல்லை, அப்படி எழுதுவதே சரி. உங்களுக்குத் தேவையானது அடையாளம்: எத்தனை இழை, டாலரில் என்ன உருவம், கொக்கி எப்படி, எங்காவது பற்றவைத்த தடம் உண்டா. ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. குறியீடு பொறித்திருக்கும். அது பில்லிலும் இருந்தால், மாற்று நகை வைத்து ஏமாற்ற முடியாது. ஸ்டேஷனில் தராசு இல்லையென்றால், வீட்டிலிருந்து பில்லைக் கொண்டுவரச் செய்து அதில் உள்ள எடையைக் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

போன்: கம்பெனி, மாடல், நிறம், எந்த மூலையில் கீறல், உறை, சிம் எத்தனை, மெமரி கார்டு உண்டா. போனின் தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் கட்டாயம். பூட்டைத் திறக்காமலே அவசர அழைப்புத் திரையில் *#06# அழுத்தினால் பல போன்களில் அந்த எண் வந்துவிடும். வராவிட்டால் போன் வாங்கிய பெட்டியில் இருக்கும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண்கள்.

பர்ஸ்: உள்ளே என்ன என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஓட்டுநர் உரிமம், ஆதார், ஏ.டி.எம். கார்டின் கடைசி நான்கு எண், புகைப்படம், சீட்டு. கார்டின் பின்னால் பின் நம்பர் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வரியோடு அதை விட்டுவிடலாம்.

'ஒரு பர்ஸ், உள்ளிருப்புகளுடன்' என்று முடித்துவிடுவதுதான் வழக்கமான பொறி. உள்ளிருப்பு என்ன என்று நாளை யாரும் சொல்ல மாட்டார்கள்.

5. ரசீது வேறு, மகஜர் வேறு

காகிதம் இரண்டு வகை. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பாதிப் பேர் பின்னால் அலைகிறார்கள்.

முதலாவது, 49-இன் கீழ் பத்திரமாக வைத்த பொருள்களுக்கான ரசீது. உங்கள் மோதிரம், வாட்ச், வண்டிச் சாவி. வழக்குக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, வெறும் பாதுகாப்பு. எடுத்த பொருள்களைக் காட்டும் ரசீதைக் கைதானவரிடம் கொடுத்தாக வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது, மனு தேவையில்லை.

இரண்டாவது, வழக்குச் சொத்தாகக் கைப்பற்றியதை எழுதி வைக்கும் மகஜர். திருடியதாகச் சொல்லும் பொருள், குற்றத்துக்குப் பயன்பட்டதாகச் சொல்லும் போன் போன்றவை 106-ஆவது பிரிவின் கீழ் இதில் வரும். சாட்சிகள் கையெழுத்தோடு தயாராகும் இது, தமிழ்நாட்டில் படிவம் 95 வழியாக நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சொத்துப் பதிவேட்டில் ஓர் எண் விழும். அதைத்தான் பிற்பாடு நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

பிரச்சினை எங்கே வரும் என்றால், சொந்தப் பணம் 4,000 ரூபாயைத் திருட்டுப் பணம் என்று மகஜரில் ஏற்றும்போது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் சொந்தப் பொருள் மகஜரில் இருந்தால் கையெழுத்துக்கு மேலே "இந்தப் பணம் என் சொந்தப் பணம்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி விசாரணையில் உங்கள் வக்கீலுக்குப் பிடிமானம்.

வீடியோ பற்றி ஒரு நுட்பம். 105-ஆவது பிரிவு, இடத்தைச் சோதிப்பதையும் அந்த அத்தியாயத்தின் கீழ் பொருளைக் கைப்பற்றுவதையும் பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் போன் போன்ற கருவியால் ஒளிப்பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. 106 அந்த அத்தியாயத்தில் இருக்கிறது, 49 இல்லை. அதாவது மகஜருக்கு வீடியோ கட்டாயம், வெறும் பாதுகாப்புக்காகப் பையைக் காலி செய்வதற்கு எழுத்தில் கட்டாயமில்லை. ஆகவே "சோதனையை ஏன் வீடியோ எடுக்கல" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், "கைப்பற்றினதா எழுதியிருக்கீங்களே, அதோட வீடியோ எங்கே" என்று கேட்டால்தான் அடி சரியாக விழும்.

கையெழுத்து விதிகள்: வெற்றுத்தாளில் கூடாது. பட்டியலுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். தேதி, நேரத்தை உங்கள் கைப்பட எழுதுங்கள். மறுத்தும் கட்டாயப்படுத்தினால் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் வாய்ப்பில் நீதிபதியிடம் சொல்லுங்கள். அடி வாங்கி வீரம் காட்டுவதில் பயனில்லை.

6. போனை வாங்குவது ஒன்று, திறந்து பார்ப்பது வேறொன்று

பாதுகாப்புக்காக எடுத்து வைத்த போனைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். 49-ஆவது பிரிவு வைத்துக்கொள்ளச் சொல்கிறதே தவிர, வாட்ஸ்அப்பைப் படிக்கச் சொல்லவில்லை. பாஸ்வேர்டு கேட்டால் என்ன செய்வது? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). பாஸ்வேர்டு அதில் அடங்குமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல், அதிகாரி கேட்கலாம், கைதானவர் மறுக்கலாம், மறுத்தால் அதிகாரி நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்ற வழியைச் சொன்னது. பாதுகாப்பான பதில் இதுதான்: "வக்கீல்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்." விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையை 38-ஆவது பிரிவு தருகிறது, ஆனால் விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார முடியாது.

போனை ஒப்படைக்கும்முன் உங்கள் கண்ணெதிரே அணைக்கச் சொல்லுங்கள். அணைத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கு மிக முக்கியமான எச்சரிக்கை. நல்ல மனதோடு, வேறொரு போனிலிருந்து ஜிமெயில் கணக்கில் நுழைந்து அந்தப் போனை முழுதும் அழித்துவிடும் தம்பி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அது சாட்சியத்தை அழித்த குற்றம். பி.என்.எஸ். 241-இன் கீழ் மூன்று ஆண்டுவரை தண்டனை உண்டு, தம்பியும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆகிவிடுவார். யு.பி.ஐ.யை வங்கியில் சொல்லி நிறுத்துவதோடு நில்லுங்கள்.

7. போதைப்பொருள் என்று சொன்னால் கணக்கே வேறு

கஞ்சா வழக்கென்றால் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 50-ஆவது பிரிவு வருகிறது. (பி.என்.எஸ்.எஸ். 50 ஆயுதத்துக்கு, இது வேறு.) உங்கள் உடலைச் சோதிக்கும்முன், அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன்போ கெசட்டட் அதிகாரி முன்போ சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு என்று அதிகாரி சொல்லியாக வேண்டும். "வேணுமா?" என்று கேட்டால் போதாது, அது உரிமை என்று தெரியப்படுத்த வேண்டும். 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும், 2010-இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கிலும் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் இதை வலியுறுத்தியிருக்கின்றன. பலரைச் சேர்த்துப் பிடித்து அனைவருக்கும் பொதுவாக ஒரே தடவை சொன்னது செல்லாது என்றும் 2014-இல் தீர்ப்பு வந்தது.

பொறி: ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த ஒரு தாள் வரும். "யாரிடமும் அழைத்துச் செல்ல வேண்டாம், தாங்களே சோதிக்கலாம்" என்று இருக்கும். அவசரத்தில் அதில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். மாஜிஸ்திரேட் முன் வேண்டும் என்று நினைத்தால் அதை உங்கள் கைப்பட எழுதுங்கள். வழியில் பொருள் கைமாறிவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால் அதிகாரி அழைத்துப் போகாமலே சோதிக்கலாம். அப்போது காரணத்தை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு உடலுக்கு மட்டும். தோளில் தொங்கும் பையும் வண்டி டிக்கியும் உடல் ஆகாது என்பது 2005 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. பையிலிருந்து எடுத்ததாகச் சொல்லும் வழக்கில் 50-ஐ நம்பி உட்காராதீர்கள்.

எடை போடுவதை உற்றுப் பாருங்கள். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டு. 1 கிலோவைத் தாண்டி 20 கிலோவரை பத்து ஆண்டுவரை போகலாம். 20-ஐத் தாண்டினால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு, ஜாமீனும் அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவில் முட்டி நிற்கும். 900 கிராமுக்கும் 1.100 கிலோவுக்கும் நடுவே இருக்கும் 200 கிராமின் விலை ஒன்பது ஆண்டு. தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, பையோடு எவ்வளவு, பை இல்லாமல் எவ்வளவு என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

8. டாக்டர், பிறகு நீதிபதி

கைதானதும் பி.என்.எஸ்.எஸ். 53-ஆவது பிரிவின்படி மருத்துவ அலுவலர் பார்க்க வேண்டும். காயம் இருந்தால் எந்த இடம், எவ்வளவு பழையது என்று குறிக்கப்பட வேண்டும், நகல் உங்களுக்கோ நீங்கள் சொல்பவருக்கோ தர வேண்டும். காவலர் பக்கத்தில் நிற்கும்போது எல்லோரும் "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னது எழுத்தில் நின்றுவிடும். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். மூன்று வாக்கியம் தயாராக வைத்திருங்கள்: என்னென்ன பொருள் எடுத்தார்கள், ரசீது கொடுத்தார்களா, சோதனையில் அடியோ அவமானமோ நடந்ததா. "பதிவு செய்யுங்கள் ஐயா" என்று கேளுங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் வழியாக அதே நாளில் மனு கொடுப்பது நல்லது. பதிவுகளை 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் கேட்கத் தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும் ஆபத்துதான்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தொலைபேசி 15100.

சிறைக்கு அனுப்பினால் ஜெயில் வாசலில் மறுபடி சோதனை, அங்கே தனிப் பதிவேடு. நகையையும் பணத்தையும் அதுவரை கொண்டுபோகாமல், ரிமாண்டுக்கு முன்பே இன்ன உறவினரிடம் ஒப்படைக்கும்படி எழுதிக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

9. பொருளைத் திரும்ப வாங்குவது

பாதுகாப்புக்காக வைத்தவை என்றால் ஸ்டேஷனில் ரசீதின் அசலும் அடையாள அட்டையும் காட்டி, இன்ஸ்பெக்டருக்கு ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்தால் போதும். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள், போனை இயக்கிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு குறை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனவை என்றால் பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-இன் கீழ் மனு. இணைக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர் நகல், நீதிமன்றச் சொத்து எண், பில் அல்லது ஆர்.சி., ஆதார், பிரமாணப் பத்திரம். போலீஸ் பதில் மனு போட வாய்தா வாங்கும். அதனால் வாரக்கணக்கில் இழுக்கும் என்று எதிர்பாருங்கள். பொருளின் மதிப்புக்கு பத்திரமும் ஜாமீன்தாரரும் கேட்கலாம். புகைப்படம் எடுத்துக்கொண்டு விற்காமல் வைத்திருக்கச் சொல்லி உத்தரவாகும். பொருள்களை வீணாக முடக்கி வைக்காமல் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்ற சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கின் 2002 தீர்ப்பை மனுவில் குறிப்பிடச் சொல்லுங்கள். தடய ஆய்வகத்துக்குப் போன போனுக்கு மட்டும் இந்தக் கெடு பெரும்பாலும் பலிக்காது. அறிக்கை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இடையில் டூப்ளிகேட் சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. ரசீதே தரவில்லை என்றால்

ஒரு கசப்பான உண்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். சோதனை முறையாக நடக்கவில்லை என்பதற்காகக் கிடைத்த பொருளை நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடாது. முறைகேடாக எடுத்த சான்றும் பொருத்தமானதென்றால் ஏற்கலாம் என்பது 1973-இன் பூரண் மல் வழக்கு முதல் இந்திய நிலை. என்.டி.பி.எஸ். 50 போன்ற சில இடங்களில்தான் மீறல் வழக்கையே கவிழ்க்கும். எனவே "ரசீது தரலை, கேஸ் போயிடும்" என்று ஊரில் யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். ரசீது இல்லாததால் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை, நஷ்டம்தான்.

செய்ய வேண்டியது: கைதான இரண்டு மூன்று நாளுக்குள் குடும்பத்தில் ஒருவர், எடுத்த பொருள்களின் முழுப் பட்டியலோடு மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவு வசதியோடும் டெலிவரிச் சான்றோடும் ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்ப வேண்டும். நகல் அந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும். தபால் ரசீதும் டெலிவரிச் சான்றும்தான் இனி உங்கள் ரசீது, பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், கட்டணமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புகாரில் கைதான நேரம், இடம், கைது செய்தவரின் பெயர்ப் பட்டையில் இருந்த பெயர், உடனிருந்த சாட்சிகள், நகை பில்லின் நகல், போன் பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண் இவை இருக்கட்டும். கோபமான வார்த்தைகளுக்கு அந்தத் தாளில் இடம் கொடுக்க வேண்டாம், இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள்.